பேப்பர் இல்லாத பிள்ளைக்கு யூசி அட்மிஷன்: ஏபி 540, டிரீம் விண்ணப்பம், வளாக உதவி மையம்

வாசல்திண்ணை:
வணக்கம். கலிஃபோர்னியாவில் தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில் கூடம் என்று எங்கே போனாலும் இந்தப் பருவத்தில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இது: குடிவரவு ஆவணம் இல்லாத பிள்ளை எப்படிக் கல்லூரியில் சேர்ந்து படிப்பது? பதில்கள் ஒரே இடத்தில் சேரட்டும் என்று இழை தொடங்குகிறேன்.

பேச்சுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வயதில் பெற்றோருடன் விசிட்டர் விசாவில் வந்து, விசா முடிந்தும் இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நாலாம் வகுப்பிலிருந்து கலிஃபோர்னியா அரசுப் பள்ளி. இப்போது பன்னிரண்டாவது. யூசிக்கும் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கால் ஸ்டேட்டுக்கும் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) விண்ணப்பம் போட்டாயிற்று. சோஷியல் நம்பர் (மத்திய அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்) கிடையாது.

படிப்புச் செலவு உதவிக்கு ஃபாஃப்ஸா போடணுமா, டிரீம் விண்ணப்பமா? வெளிமாநிலக் கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்கும் ஏபி 540 படிவத்தை எப்போது, யாரிடம் கொடுப்பது? வளாகத்தில் ஆவணமற்ற மாணவர் மையம் என்று இருக்கிறதே, அது உண்மையில் என்ன செய்யும்? படிக்கும்போது வேலை? "யாரோ சொன்னாங்க" ரகம் வேண்டாம், தெரிந்தவர்கள் மட்டும் எழுதுங்கள்.

நிதிமேசை:
முதல் கேள்வி சுலபம். ஃபாஃப்ஸா பக்கமே போக வேண்டாம். அது மத்திய அரசின் படிவம். இந்தப் பிள்ளைக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூட வராது, வீட்டு விவரம் மட்டும் வாஷிங்டனுக்குப் போய்ச் சேரும். போட வேண்டியது கலிஃபோர்னியா டிரீம் ஆக்ட் விண்ணப்பம். நடத்துவது மாநிலத்தின் மாணவர் உதவி ஆணையம். கெடு மார்ச் 2. கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் கல்லூரி) போகிறவர்களுக்கு செப்டம்பர் 2 என்று இரண்டாவது கெடு ஒன்று உண்டு. யூசி, கால் ஸ்டேட் கனவு இருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் வேறு. இங்கே மூன்று கோப்புகள் தனித்தனியாக ஓடுகின்றன. டிரீம் விண்ணப்பம் நீங்கள் ஆணையத்துக்கு அனுப்புவது. ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), பள்ளி ஆணையத்துக்கு அனுப்புவது, அதுவும் அதே மார்ச் 2க்குள். ஏபி 540 படிவம், சேரப்போகும் வளாகத்துக்குக் கொடுப்பது. ஒன்றைக் கொடுத்ததால் மற்றது போய்விட்டதாக ஆகாது. மூன்றும் ஒரே ஆளுடையவை என்று கணினி கண்டுபிடித்தால்தான் மாநில மானியமான கால் கிராண்ட் வரும்.

சோஷியல் நம்பர் இருக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணே மூன்றையும் கட்டிவிடும். இல்லாத பிள்ளைக்குப் பெயரும் பிறந்த தேதியும்தான் முக்கியப் பிடி. நம்மவர்களுக்கு இடி விழுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அதனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்), கடைசிப் பெயர் "கவின் முருகேசன்" என்று அச்சாகியிருக்கும். பள்ளியில் சேர்த்தபோது முதல் பெயர் கவின், கடைசிப் பெயர் முருகேசன். இப்போது அப்பா விசாவைப் பார்த்து டிரீம் விண்ணப்பத்தை நிரப்புவார். பள்ளி தன் பதிவேட்டில் உள்ளபடி ஜிபிஏவை ஏற்றும். ஆணையத்தின் கணக்கில் இவர்கள் இரண்டு பேர். விண்ணப்பம் இருக்கிறது, ஜிபிஏ இல்லை என்று நிற்கும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே பள்ளி டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பதிவு) கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்து, இடைவெளி, வரிசை அப்படியே விண்ணப்பத்தில். அனுப்பிய பிறகு ஆணையத்தின் வெப்கிராண்ட்ஸ் தளத்தில் மாணவர் கணக்குத் திறந்து, ஜிபிஏ வந்திருக்கிறதா என்று பிப்ரவரி நடுவிலேயே பாருங்கள். இல்லையென்றால் பள்ளி கவுன்சிலரிடம் போக இரண்டு வாரம் மிச்சம் இருக்கும். மார்ச் 1ஆம் தேதி பார்த்தால் கவுன்சிலர் அறையில் கூட்டம்.

இன்னும் இரண்டு: பெற்றோர் ஒருவரின் கையெழுத்து இல்லாவிட்டால் விண்ணப்பம் "முழுமையில்லை" என்றே கிடக்கும். ஜூனில் பள்ளி முடிந்ததும் அதே வெப்கிராண்ட்ஸில் போய், தேர்ச்சி பெற்றதை உறுதி செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு, ஆகஸ்டில் "மானியம் உண்டு என்றார்களே, பணம் எங்கே" என்று கேட்பவர்கள் வருடா வருடம் உண்டு.

சட்டக்குறிப்பு:
ஏபி 540 பற்றி. 2001இல் கையெழுத்தான சட்டம், 2002 ஜனவரியிலிருந்து நடைமுறை. வெளிமாநிலக் கட்டணத்திலிருந்து விலக்கு தருகிறது. "குடியுரிமை தருகிறது", "ரெசிடென்ட் ஆக்குகிறது" என்றெல்லாம் பேசுவது தவறு. அடிப்படை நிபந்தனை: கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டு படிப்பு, அங்கே தேர்ச்சி அல்லது அதற்கு ஈடான சான்று, பிறகு உறுதிமொழிப் படிவம். 2018இல் நடைமுறைக்கு வந்த எஸ்பி 68 சட்டம், அடல்ட் ஸ்கூல் (வயதுவந்தோர் பள்ளி), கம்யூனிட்டி காலேஜ் வருடங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. அதனால் பதினேழு வயதில் வந்து உயர்நிலைப் பள்ளியில் ஒரே வருடம் படித்தவருக்கும் வாய்ப்பு இருக்கிறது. எடுத்துக்காட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கலே இல்லை, பழைய விதியிலேயே தேறிவிடும்.

உறுதிமொழியில் ஒரு வரியைப் பார்த்துப் பெற்றோர் பயப்படுவார்கள்: சட்டபூர்வ அந்தஸ்துக்கு விண்ணப்பித்துவிட்டேன், அல்லது தகுதி வந்தவுடன் விண்ணப்பிப்பேன் என்பது. இன்றே எதையாவது ஃபைல் செய்யச் சொல்லவில்லை. தகுதி வந்தால் செய்வேன் என்பதுதான்.

இந்த விலக்கை வாங்குவோரில் அமெரிக்கக் குடிமக்களும் உண்டு. இங்கே பள்ளி முடித்து, பெற்றோர் நெவாடாவுக்கோ டெக்சஸுக்கோ மாறிப்போன பிள்ளைகள். ஆகவே கோப்பில் ஏபி 540 என்று இருப்பதாலேயே ஒருவரின் அந்தஸ்து வெளியே தெரிந்துவிடாது. சட்டம் நீதிமன்றத்தில் நின்றதற்கும் இதுவே அடித்தளம். 2010இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், விலக்கு வசிப்பிடத்தை வைத்து அல்ல, இங்கே பள்ளியில் படித்ததை வைத்துத் தரப்படுகிறது, அதனால் ஆவணமற்றோருக்கு வசிப்பிடத்தை வைத்துச் சலுகை தருவதைக் கட்டுப்படுத்தும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தோடு மோதவில்லை என்றது.

பதிவாளர்பக்கம்:
எப்போது கொடுப்பது என்பதற்கு: சேர்க்கை வந்து, "வருகிறேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்த ஒரு வளாகத்துக்கு. யூசியில் பெரும்பாலும் பதிவாளர் அலுவலகத்தின் ரெசிடென்சி பிரிவு, கால் ஸ்டேட்டில் அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலையில்தான் வரும். படிவத்தை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம், முதலில் படிவம், பின்னால் டிரான்ஸ்கிரிப்ட்.

தாமதித்தால் என்ன ஆகும்? முதல் பில் வெளிமாநிலக் கட்டணத்தோடு வரும். யூசியில் 2025 இலையுதிர்காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் தொகை மட்டும் வருடத்துக்கு 37,602 டாலர். கால் ஸ்டேட்டிலும் உள்ளூர்க் கட்டணத்துக்கு மேல் யூனிட் (பாட அலகு) கணக்கில் தனியாக ஏறும். பில்லைப் பார்த்து மிரண்டு, பிள்ளை தானே வகுப்புகளை டிராப் செய்துவிடுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய சேதம். டிராப் செய்யாதீர்கள். ஏபி 540 பரிசீலனையில் இருக்கிறது, கெடுவைத் தள்ளிப் போடுங்கள் என்று மாணவர் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் சொன்னது கோப்பில் ஏறாது.

யூசி விண்ணப்பத்தில் குடியுரிமைக் கேள்விக்கு "நோ செலக்‌ஷன்" என்ற தேர்வு இருக்கிறது. அதற்குப் பதில் "இந்தியா" என்று போட்டிருந்தால் வெளிநாட்டு மாணவர் வரிசையில் கணினி தள்ளிவிடும். அதற்கு அறிகுறி: ஐ-20 (மாணவர் விசாவுக்கான படிவம்) எடுக்க வங்கிக் கணக்குக் காட்டு என்று கடிதம் வரும். பதற வேண்டாம், அட்மிஷன்ஸுக்கு எழுதித் திருத்தலாம். ஆனால் திருத்தாமல் ஐ-20 படிவத்தை நிரப்பி அனுப்பிவிடக் கூடாது.

கேள்விக்குறி:
எல்லாம் சரி. இப்போதைய சூழ்நிலையில் தானே போய்ப் பெயர், முகவரி, பெற்றோர் வருமானம் எல்லாம் எழுதிக்கொடுப்பது புத்திசாலித்தனமா? 2025 ஏப்ரலில் வருமான வரித்துறையே ஐஸ் (குடிவரவு அமலாக்க) துறையோடு தகவல் பகிர ஒப்பந்தம் போட்டது. மாநிலப் படிவம் மட்டும் எப்படிப் பத்திரம்?

நிதிமேசை:
நியாயமான கேள்வி. டிரீம் விண்ணப்பம் மாநிலத்தின் கையில் இருக்கிறது, மத்திய அரசுக்குத் தானாகப் போகும் குழாய் எதுவும் அதில் இல்லை. நீதிமன்ற உத்தரவோடு யாரும் வரவே முடியாது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. அந்த ஆபத்தையும், எழுதாமல் விட்டால் போகும் கால் கிராண்டையும் வளாக மானியத்தையும் குடும்பம்தான் எடை போட வேண்டும். என் கருத்து: ஏற்கெனவே பெற்றோர் ஐடின் எண்ணில் (சோஷியல் நம்பர் இல்லாதோருக்கான வரி எண்) வரி கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால், டிரீம் விண்ணப்பத்தால் புதிதாக வெளியே போகும் தகவல் மிகக் குறைவு. இதுவரை எங்கேயும் பெயர் பதியாத வீடு என்றால், முதலில் வளாகத்தின் சட்ட உதவிப் பிரிவிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். ஏபி 540 படிவத்தை மட்டும் கொடுத்து, டிரீம் விண்ணப்பத்தை விட்டுவிடவும் முடியும். கட்டண விலக்கு அப்போதும் கிடைக்கும், மானியம் கிடைக்காது. இந்த நடுவழி பலருக்குத் தெரியாது.

பிள்ளை குடிமகன், பெற்றோருக்குப் பேப்பர் இல்லை என்ற வீடு வேறு கணக்கு. ஃபாஃப்ஸா போட்டால் மத்திய அரசு மானியமான பெல் கிராண்ட் அதிகபட்சம் 7,395 டாலர் வரை வரலாம், ஆனால் பெற்றோர் விவரம் மத்திய அரசுக்குப் போகும். அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் டிரீம் விண்ணப்பத்தை மட்டும் போட்டு மாநில உதவியை மட்டும் வாங்க 2024இலிருந்து வழி இருக்கிறது. இரண்டையும் போடுவதுதான் மோசம், குழம்பிப்போகும்.

மேசைக்குப்பின்:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மையம் என்ன செய்யும்?

இந்த மையங்களுக்கு வயது அதிகம் இல்லை. யூசியின் பெர்க்லி வளாகத் திட்டம் 2012இல் தொடங்கியது. 2013இல் அப்போதைய யூசி தலைவர் ஜேனட் நெப்போலிட்டனோ ஐம்பது லட்சம் டாலர் ஒதுக்கிய பிறகு மற்ற வளாகங்களிலும் ஆலோசகர்கள் வந்தார்கள். கால் ஸ்டேட், கம்யூனிட்டி காலேஜ் வளாகம் ஒவ்வொன்றிலும் இதற்கென ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 2019இல் ஏபி 1645 சட்டம் விதித்தது. காகிதத்தில் எல்லா இடத்திலும் ஆள் உண்டு. நடைமுறையில் அந்த ஆள் முழுநேரமா, அல்லது நிதி உதவி அலுவலகத்தில் வேறு வேலை பார்ப்பவருக்கே இந்தப் பலகையையும் மாட்டிவிட்டிருக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பட்டாம்பூச்சி சுவரோவியம், சோபா, காபி எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். மையத்தை நான் அளப்பது ஒரே விஷயத்தில்: மேலே நிதிமேசை சொன்ன மூன்று கோப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நிற்கும்போது, உள்ளே இருப்பவர் பதிவாளரையும் நிதிப் பிரிவையும் அன்றே கூப்பிட்டுச் சேர்த்துவைக்க முடிகிறதா? முடிந்தால் அது மையம். "இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்க" என்று துண்டுச்சீட்டு கொடுத்தால் அது காத்திருப்பு அறை.

சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். அவசர உதவித்தொகை உண்டா, விண்ணப்பித்து எத்தனை நாளில் கைக்கு வரும், அது கடனா மானியமா? பாடப்புத்தகம், லேப்டாப் இரவல் உண்டா? மனநல ஆலோசகர் மையத்துக்கே வருகிறாரா? வழக்கறிஞர் எந்தக் கிழமை? பதில் வரும் வேகமே பாதி விடை.

சட்டக்குறிப்பு:
வழக்கறிஞர் விஷயத்தில் யூசி மாணவர்களுக்கு வாய்ப்பு நல்லது. யூசி டேவிஸ் சட்டக் கல்லூரியிலிருந்து இயங்கும் குடிவரவுச் சட்ட சேவை மையம் மற்ற வளாகங்களுக்கும் ஆள் அனுப்புகிறது. பெர்க்லிக்கு மட்டும் ஈஸ்ட் பே கம்யூனிட்டி லா சென்டர். கட்டணம் கிடையாது. கால் ஸ்டேட்டுக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் மாநிலப் பணத்தில் தொண்டு நிறுவனங்கள் இதைச் செய்கின்றன.

முதல் சந்திப்புக்கு எடுத்துப்போக வேண்டியது: பழைய பாஸ்போர்ட், அதில் நுழைவு முத்திரை, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) நகல். "விசா முடிஞ்சுபோச்சே, இதை வச்சு என்ன பண்ண" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முறையாகச் சோதிக்கப்பட்டு உள்ளே வந்தவர் என்பதற்கு அதுதான் சான்று. பின்னாளில் அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தால், நாட்டை விட்டு வெளியேறாமலே பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்று வேண்டும். எல்லை தாண்டி வந்தவருக்கு இந்த வழி பொதுவாக இல்லை. ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த ஒரு முத்திரையால் எதிர்காலம் வேறாகிவிடும்.

அடுத்தது வயது. பதினெட்டு ஆகும்வரை சட்டவிரோதத் தங்கல் கணக்கில் ஏறாது. பதினெட்டுக்குப் பிறகு 180 நாள் தாண்டி, ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் திரும்பி வர மூன்றாண்டுத் தடை. ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்தாண்டு. ஆகவே பதினெட்டரை வயது என்பது ஒரு கோடு. இந்தியாவுக்கே போய்ப் படிக்கலாமா, வேறு நாட்டுக்குப் போகலாமா என்ற யோசனை இருந்தால் அந்தக் கோட்டுக்கு முன்பே வழக்கறிஞரிடம் பேச வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது இந்த வருடத்துக் கேள்வி.

பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சென்னைக்கு டிக்கெட் போடுவதும், ஒரு செமஸ்டர் வெளிநாட்டுப் படிப்புக்குப் பெயர் கொடுப்பதும் இதே தடையைத்தான் எழுப்பும். பேராசிரியர்களுக்கு இது தெரியாது. "எல்லாரும் வர்றாங்க, நீயும் வா" என்பார்கள்.

வாசல்திண்ணை:
டாகா (சிறுவயதில் வந்தவர்களின் நாடுகடத்தலை ஒத்திவைக்கும் திட்டம்) பற்றி யாரும் எழுதவில்லையே? அதற்கு விண்ணப்பித்தால் வேலைக்கு அனுமதி வரும் என்கிறார்களே.

சட்டக்குறிப்பு:
இந்தப் பிள்ளைக்கு வராது. 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. இப்போது பன்னிரண்டாவது படிப்பவர்கள் பிறந்ததே அந்தத் தேதியை ஒட்டியோ அதற்குப் பின்போதான். டெக்சஸ் வழக்கில் 2021இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு புதிய விண்ணப்பங்கள் வாங்கி வைக்கப்படுகின்றனவே தவிர முடிவு செய்யப்படுவதில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காலாவதிக்கு 120 முதல் 150 நாள் முன்பு புதுப்பிக்கலாம். பழைய கட்டுரைகள் எல்லாம் டாகா உள்ள மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இன்று முதலாண்டுக்கு வருபவர்களுக்கு அவை பொருந்தாது.

மேசைக்குப்பின்:
அதனால்தான் வேலைக் கேள்வி இவ்வளவு கடினமாகிவிட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி ஐ-9 படிவத்தில் வேலை அனுமதியைச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சட்டம் மாநில அரசு நிறுவனங்களைக் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தவில்லை, ஆகவே யூசி தன் மாணவர்களை வேலைக்கு எடுக்கலாம் என்று 2022இல் சட்டப் பேராசிரியர்கள் ஒரு வாதத்தை வைத்தார்கள். அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் யூசிஎல்ஏவின் அகிலன் அருளானந்தம், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2024 ஜனவரியில் யூசி ஆட்சிக்குழு அதை ஒத்திவைத்தது. அதே ஆண்டு இப்படி வேலை தர வழிசெய்து சட்டமன்றம் நிறைவேற்றிய ஏபி 2586 மசோதாவை ஆளுநர் நியூசம் தடுத்தார். 2025 ஆகஸ்டில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், யூசியின் தற்போதைய கொள்கை பாகுபாடானது, மறுபரிசீலனை செய் என்றது. மறுபரிசீலனை என்பது வேலை நியமனம் அல்ல. வளாக நூலகத்தில் நாளைக்கே வேலை கிடைக்கும் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்போதைக்குக் கைக்கு எட்டுவது ஃபெலோஷிப். வேலை இல்லை, பயிற்சிக்கான உதவித்தொகை. இதைத் துறைகள் கெடுத்துவிடும் விதம் ஒன்றுதான்: ஃபெலோஷிப் என்று பெயர் வைத்துவிட்டு, வாரம் பத்து மணி நேரம், டைம்ஷீட், மேற்பார்வையாளர் கையெழுத்து என்று எழுதிவிடுவார்கள். மணிக்கணக்கு வந்தால் அது சம்பளம். சம்பளம் என்றால் ஐ-9. அறிவிப்பில் கற்றல் நோக்கம், பயிற்சிக் காலம், மொத்தத் தொகை, எப்போது தரப்படும் என்பவை மட்டும் இருக்கட்டும்.

நிதிமேசை:
அதிலேயே இன்னும் இரண்டு பொறி. ஃபெலோஷிப் பணம் நிதி உதவிப் பிரிவின் கணக்கில் "வரவு" என்று ஏறும். ஏற்கெனவே கொடுத்த உதவித் தொகுப்பு செலவுக் கணக்கின் உச்சத்தைத் தொட்டிருந்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பார்கள். ஒப்புக்கொள்ளும் முன் ஆலோசகரிடம் கேட்டு, குறைக்க வேண்டுமென்றால் முதலில் கடனைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வரி. சோஷியல் நம்பர் இல்லை, பிறந்த நாடு இந்தியா என்று பார்த்ததும் பணம் கொடுக்கும் பிரிவு இவரை வெளிநாட்டு மாணவர் வரிசையில் போட்டு வரி பிடித்துவிடும். தவறு. வருடக்கணக்காக இங்கேயே இருப்பவர், நாட்களை எண்ணும் சோதனைப்படி வரி விஷயத்தில் ரெசிடென்ட். எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்கான விதி இவருக்குப் பொருந்தாது. அதைச் சுட்டிக்காட்டி எழுதினால் திருத்துவார்கள்.

கடன் என்றதும் நினைவுக்கு வருகிறது: யூசியிலும் கால் ஸ்டேட்டிலும் மாநில டிரீம் கடன் உண்டு, வருடத்துக்கு 4,000 டாலர் வரை. பெல் கிராண்டின் இடத்தை முழுதாக நிரப்பாது. கால் கிராண்ட் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் துண்டு விழும். வெளியிலிருந்து வரும் ஸ்காலர்ஷிப்புகளைத் தேடும்போது இதை மனதில் வையுங்கள்: "கட்டணத்துக்கு மட்டும்" என்று நிபந்தனை உள்ளதைவிட, செலவுக்கும் பயன்படுத்தலாம் என்றுள்ள சிறிய தொகை மேல்.

யாழ்நிலவன்:
ஒரு விசயம் சேர்க்கிறன். அகதிக் கோரிக்கை போட்டு முடிவுக்குக் காத்திருக்கிற இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின்ர பிள்ளையளும் இந்த வரிசையிலதான் வருவினம். வேலை அனுமதி அட்டை இருக்கும், சோஷியல் நம்பரும் இருக்கும். அதால "எங்களுக்கு ஃபாஃப்ஸாதானே" எண்டு நினைச்சுப் போடுகினம். கோரிக்கை ஏற்கப்படும்வரைக்கும் மத்திய அரசு உதவிக்குத் தகுதி இல்லை. ஏபி 540 நிபந்தனை பொருந்தினால் டிரீம் விண்ணப்பம்தான். ஆனா வேலை அனுமதி செல்லுபடியாக இருந்தால் வளாகத்திலயே வழமையான வேலை செய்யலாம், ஃபெலோஷிப் சிக்கல் ஒண்டும் இல்லை. கோரிக்கை ஏற்கப்பட்ட உடனே ஃபாஃப்ஸாவுக்கு மாற வேணும், நடு வருசமா இருந்தாலும். அந்தக் கடிதத்தை நிதிப் பிரிவுக்குக் காட்டுங்கோ.

கேள்விக்குறி:
எச்-4 பிள்ளைகள் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து இருப்பவர்கள்)? இருபத்தொன்று ஆனால் அப்பாவின் விசாவிலிருந்து கழன்றுவிடுவார்களே. அவர்களுக்கு ஏபி 540 கிடைக்குமா?

சட்டக்குறிப்பு:
செல்லுபடியாகும் எச்-4, எஃப்-1 கையில் இருக்கும்வரை கிடையாது. தற்காலிக விசாக்காரர்களைச் சட்டம் விலக்குகிறது, டி, யூ விசாக்கள் (ஆட்கடத்தலாலும் குற்றங்களாலும் பாதிக்கப்பட்டோருக்கானவை) விதிவிலக்கு. எச்-4இல் இருக்கும்போது வேறு வழியில், அதாவது இங்கே நிலையாக வசிப்பவர் என்ற முறையில், உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும். இருபத்தொன்றில் எஃப்-1க்கு மாறினால் அந்தத் தகுதி போய், மூன்றாம் ஆண்டில் திடீரென்று வெளிமாநிலக் கட்டணம் வரும். பிள்ளைக்கு எப்போது இருபத்தொன்று என்பதைச் சேரும்போதே நாள்காட்டியில் குறித்து, அதற்கு முந்தைய வருடமே வளாக ரெசிடென்சி அலுவலரிடமும் குடிவரவு வழக்கறிஞரிடமும் பேசுங்கள். "அந்தஸ்தை விட்டுட்டா ஏபி 540 வந்துடுமே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது. கட்டணத்தை மிச்சம் பிடிக்க அந்தஸ்தைத் தொலைத்தால், மேலே சொன்ன மூன்றாண்டு, பத்தாண்டுத் தடை கணக்கு அன்றே ஓடத் தொடங்கும்.

தெற்குவாசல்:
யூசி சான் டியாகோவுக்கு அட்மிஷன் வந்தால் ஒரு எச்சரிக்கை. ஐ-5 சாலையில் சான் க்ளெமென்டே பக்கமும் ஐ-15இல் டெமெகுலா பக்கமும் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு, இரண்டும் வடக்கே போகும் திசையில். சான் டியாகோவுக்குப் போகும்போது ஒன்றும் தெரியாது, விடுமுறைக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் திரும்பும்போதுதான். படிப்பு நன்றாக இருக்கும், வீட்டுக்கு வந்துபோவது சிக்கல். வளாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பேசுங்கள்.

உள்நாட்டு விமானத்துக்கு: ஆவணமற்றோருக்கும் தரப்படும் ஏபி 60 ஓட்டுநர் உரிமத்தில் "ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை" என்று அச்சாகியிருக்கும், 2025 மே முதல் விமான நிலையத்தில் அது ரியல் ஐடி (அங்கே கேட்கும் மத்திய அரசுத் தர அடையாள அட்டை) ஆகாது. செல்லுபடியாகும் இந்தியப் பாஸ்போர்ட் அடையாளமாகச் செல்லும். ஆனால் இன்றைய நிலையில் அதைக் காட்டிப் பறப்பதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாசல்திண்ணை:
வளாகத்துக்குள் ஐஸ் வந்தால்? விடுதி அறைக்குள் நுழைய முடியுமா?

பதிவாளர்பக்கம்:
நூலக முற்றம் போன்ற பொது இடத்துக்கு யாரும் வரலாம். பூட்டிய விடுதிக்கும் அலுவலகத்தின் உள்பகுதிக்கும் நீதிபதி கையெழுத்திட்ட வாரன்ட் வேண்டும். ஐ-200, ஐ-205 என்று எண் போட்ட தாள்களில் கையெழுத்திடுவது குடிவரவு அதிகாரி, நீதிபதி அல்ல. மேலே நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மாணவர் தானே கதவைத் திறந்து "வாங்க" என்றால் வாரன்ட் கேள்வியே எழாது, ஆகவே அறைத்தோழர்களுக்கும் சொல்லி வையுங்கள். பள்ளிகள், பல்கலைக்கழகங்களில் நடவடிக்கையைத் தவிர்க்கும் பழைய மத்திய உத்தரவு 2025 ஜனவரியில் ரத்தானது. ஆனால் வாரன்ட் விதி அந்த உத்தரவிலிருந்து வந்ததல்ல, அரசியல் சட்டத்திலிருந்து வந்தது, அது அப்படியே இருக்கிறது.

மாணவர் பதிவேடு 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தில் காக்கப்படுகிறது. ஓட்டை ஒன்று: "டைரக்டரி தகவல்" என்று வளாகம் வகைப்படுத்தும் பெயர், மின்னஞ்சல், சில இடங்களில் முகவரி, இவற்றை அனுமதியின்றித் தரலாம். மாணவர் தளத்தில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் முகவரியையும் தொலைபேசியையும் மட்டும் மறையுங்கள். முழுப் பூட்டுப் போட்டால் பின்னால் பட்டத்தைச் சரிபார்க்கக் கேட்கும் நிறுவனத்திடம் "அப்படி ஒருவர் இங்கே படிக்கவில்லை" என்று பதில் போகும்.

கேள்விக்குறி:
டெக்சஸில் இருக்கும் உறவினருக்கும் இதே வழியா?

சட்டக்குறிப்பு:
இல்லை. இந்த வகைச் சட்டத்தை 2001இல் முதலில் கொண்டுவந்ததே டெக்சஸ்தான். 2025 ஜூன் 4 அன்று மத்திய நீதித்துறை வழக்குப் போட, அதே நாளில் மாநில அரசும் ஒத்துக்கொள்ள, சட்டம் முடிந்துபோனது. ஃபுளோரிடாவில் 2025 ஜூலை முதல் இல்லை. ஜார்ஜியாவில் முன்னணி அரசுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சேர்க்கையே கிடையாது. கலிஃபோர்னியா மீதும் 2025 நவம்பரில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். வழக்குப் போட்டதாலேயே சட்டம் நின்றுவிடாது. இங்கே மாநிலம் எதிர்த்து வாதாடுகிறது, டெக்சஸ்போல் கைகுலுக்கவில்லை. ஆகவே இந்த வருடம் படிவம் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம்.

மேசைக்குப்பின்:
யூசி கிடைக்காவிட்டால், அல்லது வாடகைத் துண்டு பெரிதாக விழுந்தால், கம்யூனிட்டி காலேஜைக் குறைவாக எண்ணாதீர்கள். ஏபி 540 இருந்தால் யூனிட்டுக்கு 46 டாலர், பன்னிரண்டு யூனிட்டுக்கு 552. வருமானம் குறைவென்றால் ப்ராமிஸ் கிராண்ட் அதையும் தள்ளுபடி செய்துவிடும். வீட்டிலிருந்தே போகலாம், இரண்டு வருடத்தில் யூசிக்கு மாறலாம். மாறும்போது ஏபி 540 படிவத்தைப் புதிய வளாகத்தில் மறுபடி கொடுக்க வேண்டும், கூடவே வராது.

மையத்துக்கு முதல் மின்னஞ்சல் எழுதும்போது ஒரு வேண்டுகோள். பள்ளி மின்னஞ்சலிலிருந்து அனுப்பாதீர்கள், பள்ளி முடிந்ததும் அது மூடிவிடும். அந்தஸ்தை விவரிக்க வேண்டாம். "ஏபி 540 மாணவர், டிரீம் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், நேரில் பேச நேரம் வேண்டும்" என்பது போதும். பெயரை டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடி எழுதி, விண்ணப்ப எண்ணைச் சேருங்கள். பாஸ்போர்ட் நகல், ஐ-94 எதையும் இணைக்காதீர்கள், அவற்றை வழக்கறிஞரிடம் நேரில் காட்டினால் போதும்.

வாசல்திண்ணை:
நன்றி எல்லாருக்கும். பெயர் பொருத்தம் பற்றி நிதிமேசை எழுதியதை மட்டும் தனியாக எடுத்து, தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழுவில் பிப்ரவரி முதல் வாரமே போடுகிறேன்.